தனம் டிவிக்கு யார் முதலாளி

கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி. பையை மடியில வச்சுக்க. கீழ வைக்காத, உள்ள கேமராவுல்ல இருக்கு, இவன் ஓட்டுற ஓட்டுக்கு எல்லாம் கழண்டு கையோட வந்துரும். எம் பையைப் பத்திக் கவலைப்படாத, அது பாட்டுக்குக் காலடியில கெடக்கட்டும். சீர்ப் பை. பட்டுச்சேலை, மாலை, ஒரு எவர்சில்வர் தட்டு, ரெண்டு தேங்கா. எது, அதுவா? அது அருவா. வாழைத்தார் வெட்ட, தேங்கா உடைக்க. கல்யாண வீட்டுல அந்த நேரத்துக்கு எவங்கிட்டயும் அருவா இருக்காது, நான் பாத்திருக்கேன்.

முன்னால அஞ்சு சீட்டு காலியாக் கெடக்கு, இந்தாளு ஏன் நம்ம பக்கத்துல வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்தான்னு பாக்குற. பாக்கத்தான் செய்வ. ஆரப்பாளையத்துல நீ ஏறும்போதே கவனிச்சேன். உன் பையில மஞ்ச எழுத்துல ஒட்டியிருக்கே, 'தனம் டிவி, மேலக்கரடு'ன்னு. அதைப் பாத்துத்தான் வந்தேன்.

எத்தனை நாளா வேலை பாக்குற? மூணு மாசமா? சரியாப் போச்சு. அப்ப உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இன்னைக்கு அபிநயா கல்யாணத்தைப் பிடிக்கத்தானே போற? லைவா வேற போடுறாங்களாம்ல? ம். அந்தப் பிள்ளைக்கு நாந்தான் தாய்மாமன். அவ ஆத்தா தனக்கொடி என் கூடப்பொறந்த அக்கா.

ஏன்ப்பா மூஞ்சி இப்பிடிப் போகுது? கல்யாணப் பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்கக் கூடாதா? என்னமோ சொல்ல வர்ற, இரு, நான் சொல்லி முடிச்சுர்றேன். பதினோரு மணிக்கு முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து மணவறையில உக்கார வைக்கணும். அதுக்குப் பெறகுதான் தாலி. எங்க பக்கத்துல அதுதான் முறை. அந்த மாலையை இன்னைக்கு சுருளிவேல் போடப் போறான்னு ஒரு பேச்சு எங் காதுக்கு வந்துச்சு. எனக்குப் பத்திரிகை வரல. கல்யாணமே செல்லுல உங்க டிவியைப் பாத்துத்தான் தெரியும், கீழ எழுத்து ஓடுமே, அதுல. போடட்டும். சுருளி எப்பிடி மாலை போடுறான்னு நானும் பாக்குறேன். அதான் கிளம்பி வந்திருக்கேன்.

நான் சண்டைக்குப் போறவன் இல்ல தம்பி. அதை மொதல்ல தெரிஞ்சுக்க.

சுருளிவேல்தான் முதலாளின்னு உங்கிட்டச் சொல்லியிருப்பாங்க. முதலாளி! கேக்கவே சிரிப்பாணியா இருக்கு. அந்த டிவியை ஆரம்பிச்சது எங்க மச்சான் தவமணி. ரேடியோ ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தவரு. தொண்ணூத்தி மூணுல எங்க அக்காளைக் கட்டின கையோட மொட்டமாடியில ஒரு டிஷ்ஷை நட்டாரு. கீழ எட்டுக்கு எட்டு ரூமுல கேசட்டு போட்டுப் படம் ஓட்டுற டெக்கு நாலு. அந்த ரூமுக்குப் பேரு கண்ட்ரோல் ரூம். அங்கிருந்து போஸ்ட்டு போஸ்ட்டா வீடு வீடாக் கறுப்பு வயரை இழுத்தாரு. படம் போடுவாரு, திருவிழாவைப் பிடிச்சுப் போடுவாரு, பொறந்தநாள் வாழ்த்து போடுவாரு, யார் வீட்டுல சாவு விழுந்தாலும் போட்டோவைப் போட்டு 'கண்ணீர் அஞ்சலி'ன்னு தன் கையால எழுதி ரெண்டு நாளைக்குப் போடுவாரு. அக்கா பேரைத்தான் டிவிக்கு வச்சாரு. தனக்கொடி, தனம். ஊருக்கே படம் காட்டுன மனுசன், சண்டைன்னா வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு. அவ்வளவு சாது.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவருக்குன்னு இல்ல, அந்தத் தொழில்ல எல்லாருக்குமே உண்டு. வயரை ஒட்டணும்னா மேல இருக்கிற தோலை உரிக்கணும்ல? ஏணி மேல நின்னுக்கிட்டு பிளேடைத் தேடிக்கிட்டா இருப்பாங்க? பல்லால கடிச்சு ஒரே இழுப்பு, தோலு கையோட வந்துரும். கேபிள்ல போறது படம்தானே, பயமில்லைன்னு எல்லாரும் கடிப்பாங்க. எங்க லைன்மேன் பூராப் பேருக்கும் முன்பல்லு ஓரத்துல தேஞ்சு போயிருக்கும். முதலாளி ஆன பெறகும் மச்சானுக்கு அது போகல. அக்கா கூடத் திட்டும், சோறு திங்கிற வாயா அதுன்னு.

நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. ஊருக்குத் தெக்க ஒரு ஓடை, அது மேல ஒரு பாலம். பாலத்துக்குத் தெக்க இந்த சுருளிவேல். டெண்டுக் கொட்டகை வச்சிருந்தவன், அது ஓடலேன்னதும் அவனும் டிஷ்ஷு வச்சான், சுருளி விஷன்னு. பாலத்துக்கு அங்கிட்டு அவன், இங்கிட்டு மச்சான். ஆனா அவன் அங்கிட்டோட நிப்பானா? வடக்க வந்து ரெண்டு தெருவுக்கு வயரை இழுத்தான். எங்க வயரை அறுத்தான். நாங்க ஒட்ட, அவன் அறுக்க, அவன் அறுக்க, நாங்க ஒட்ட. எங்க லைன்மேன் ரெண்டு பேரு அடி தாங்காம வேலையை விட்டே ஓடிட்டாங்க.

நான் அப்ப குஜராத்துல முறுக்குக் கடையில இருந்தேன். அக்கா போன் போட்டு அழுதுச்சு. காசி, நீ வாடா, உன் மச்சான் ஒத்தையில கெடந்து சாகுறாருன்னுச்சு. சட்டியை அப்பிடியே போட்டுட்டு ரயிலேறுனேன். வந்து எறங்குனதும் மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா? காசிமாயா, உன்னைச் சண்டைக்குக் கூப்பிடலடா, லைன் பாக்கத்தான் கூப்பிட்டேன்னாரு. சரி மச்சான், லைனைப் பாத்துக்கிறேன்னேன். பாத்தேன்.

மொதல் வாரமே சுருளி ஆளு ஒருத்தன் நம்ம தெருவுல, நம்ம போஸ்ட்டுல, ஏணி போட்டு நிக்கிறான். எறங்குடான்னேன். நீ யாருடா புதுசான்னான். பக்கத்துல போனேன். ஏணியை எடுத்தேன். தொப்புனு விழுந்தான், இடுப்பு எலும்பு ரெண்டாப் போச்சு. இன்னைக்கும் விந்தி விந்தித்தான் நடக்குறான். ஊரே என்னைச் சொல்லுச்சு, காசி தள்ளிவிட்டுட்டான்னு. நான் எங்கப்பா தள்ளுனேன்? நான் ஏணியைத்தானே எடுத்தேன்? விழுந்தது அவன்.

பத்து நாள்ல சுருளி வந்தான், பட்டப்பகல்ல, எட்டுப் பேரோட. நான் அந்நேரம் உசிலம்பட்டிக்குப் போயிருந்தேன். கடப்பாரையால கண்ட்ரோல் ரூம் கதவைப் பேத்து, டெக்கு நாலையும் ரோட்டுல போட்டு நொறுக்கிட்டாங்க. தடுக்கப் போன மச்சானுக்கு மண்டையில ஒரு போடு, ஏழு தையல். நான் வந்து பாக்குறேன், வாசல்ல ரத்தம், அக்கா தண்ணியை ஊத்தித் தேச்சுக் கழுவிக்கிட்டு இருக்கு. கழுவாதன்னேன். காயட்டும், நாலு பேரு பாக்கட்டும்னேன். அக்கா என்னை நிமிந்து ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி தேக்க ஆரம்பிச்சிருச்சு.

அதுக்கு நான் என்ன செஞ்சேன்னு கேளு. அடிக்கல, குத்தல. புது டெக்கு ரெண்டு வாங்கிட்டு வந்து மாட்டினோம்ல, மாட்டின அன்னைக்கே சுருளியோட போட்டோ ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, 'கண்ணீர் அஞ்சலி, பி.சுருளிவேல், அன்னாரின் ஆன்மா சாந்தியடைய'ன்னு எழுதி, சாயங்காலப் படத்துக்கு நடுவுல போட்டுட்டேன். ஊரே பாத்துச்சு. விழுந்து விழுந்து சிரிச்சாங்கப்பா. அவன் ஆத்தா அந்நேரம் எவ வீட்டுலயோ உக்காந்து எங்க டிவியைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்குத் தெரியுமா விளையாட்டுன்னு? தலையை விரிச்சுப் போட்டு மாருல அடிச்சுக்கிட்டு நடுரோட்டுல ஓடி வந்து, அங்கேயே விழுந்து, வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு. கடைசி வரைக்கும் நேராகல. அதுக்கும் நாந்தான் காரணமாம். பையன் உயிரோட வெத்தலைக் கடையில நிக்கிறான், அங்கிட்டுத் திரும்பிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது.

மச்சான் அன்னைக்கு என்னைக் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அந்த மனுசன் ஒருத்தர் மேல கை வச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். சாவைப் போடுற எடத்துல விளையாடுவியாடான்னாரு. அது கூட எனக்கு வலிக்கல. அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு பாரு, அதுதான் என்னமோ பண்ணுச்சு.

அப்புறம் பாலத்துல வச்சு நடந்தது பெரிய சண்டை. நாங்க பன்னெண்டு, அவங்க இருவது. சைக்கிள் செயினு, உருட்டுக்கட்டை, பிளேடு. இந்தக் காதைப் பாரு, கீழ்ப் பாதி இல்லேல்ல? அன்னைக்குப் போனது. எவனோ கடிச்சுத் துப்பிட்டான். நான் ஒருத்தன் தலையைப் பாலத்துச் சுவத்துல வச்சு எத்தனை முட்டு முட்டினேன்னு எனக்கே தெரியாது. மூக்கு உள்ள போயி மூஞ்சி சப்பட்டையாயிருச்சு. சுருளியோட வேனை ஓடைக்குள்ள உருட்டிவிட்டு பெட்ரோல் ஊத்திப் பத்த வச்சோம். கறும்பொகை எழும்புச்சு பாரு, சர்ச்சுக் கோபுரம் மறைஞ்சு போச்சு. அன்னைக்கு மாதிரி எனக்கு ஒடம்புல ஒரு தெம்பு என்னைக்கும் வந்ததில்ல. பொய் சொல்லக் கூடாதுல்ல.

ரெண்டு பக்கமும் கேசாச்சு. அதுக்குள்ள மச்சான் என்ன செஞ்சாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேரா சுருளி வீட்டுக்குப் போயி, அந்தக் கெழவி கால்ல விழுந்து, காப்பி குடிச்சிட்டு வந்துட்டாரு! இனிமே அறுப்பு இல்ல, அடி இல்ல, கொஞ்ச நாள்ல ரெண்டு டிவியையும் ஒண்ணா ஆக்கி ஆளுக்குப் பாதி வச்சுக்கிருவோம், பேரு மட்டும் தனம் டிவியே இருக்கட்டும்னு பேசிட்டு வந்துட்டாரு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? காதைக் குடுத்தது நானு. மச்சானை விட்டா ஏமாத்திருவான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாவப்பட்ட மனுசன், அவருக்கு ஒலகம் தெரியாது.

நான் நெனச்ச மாதிரியே ஆச்சு. சமாதானம் பேசிப் பத்து நாள் ஆகல, பாலத்துக்கிட்ட லைன் அறுந்து கெடக்கு. ஒட்டுனோம். நாலு நாள் கழிச்சு மறுபடியும். மூணாவது தடவையும் அதே எடம். மச்சான் சொல்றாரு, அது சுருளி இல்லடா, ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற லாரி, பாரம் ஒசரமா இருக்கு, உரசி இழுத்துட்டுப் போகுது, வயரைத் தூக்கிக் கட்டுனா சரியாப் போகும்னு. லாரியாம்! லாரிக்குக் கண்ணு தெரியுமா, தேடி வந்து எங்க வயரை மட்டும் அறுக்க? பாலத்துக்கு அங்கிட்டு சுருளி வயரு அறுகலையே? அது கொஞ்சம் ஒசரத்துல போகுதுன்னாரு. எப்பவும் அவனுக்கே ஏத்துக்கிட்டுப் பேசுறது.

அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். அப்ப மழைக்காலம். ஒரு சனிக்கிழமை, பொழுது சாயுற நேரம். பாலத்துக்கு வடக்க எங்க சித்தப்பா பம்புசெட்டு. நெச லைனை வேலமரத்துக்குப் பின்னால தள்ளிக் கட்டிட்டு, அது இருந்த எடத்துல ஒரு சும்மா வயரை இழுத்தேன். பாத்தா அதுதான் லைனு மாதிரி இருக்கும். படம் போகாது. பம்புசெட்டு ரூமுல இருந்து இருவது அடி செவப்பு வயரு, ஒரு முனையில பிளக்கு, ஒரு முனையைக் கொண்டு போயி அந்தச் சும்மா வயரோட முறுக்கிவிட்டேன். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். அவ்வளவுதான். இனிமே எவன் வந்து அருவாளை வச்சு அறுத்தாலும் அந்த எடத்துலயே கருகிச் சாவான். தோலு மேல கை வச்சா ஒண்ணும் செய்யாது, உள்ள இரும்பு போனாத்தான். எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்கேன் பாரு.

மச்சான்கிட்டச் சொல்லல. சொன்னா அவுத்துப் போடச் சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். சாமி சத்தியமா, சொல்லணும்னுதான் இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை நான் பாலத்துக்குத் தெக்க டீக்கடையில உக்காந்து, எவன் அருவாளோட கிளம்புறான்னு சுருளி வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். சுருளி வாசல்ல உக்காந்து அவன் ஆத்தாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தான். பதினோரு மணிக்குப் படம் போட்டிருந்தாரு மச்சான். பதினொன்னரைக்கு ஒரு கரும்பு லாரி போச்சு. ஆமா, போச்சு, அதை நான் இல்லேன்னு சொல்லல. அது ரெண்டு வயரையுமே இழுத்துட்டுப் போச்சாம், நெச லைனையும் சேத்து. வடக்க பூரா படம் நின்னு போச்சு. கண்ட்ரோல் ரூமுக்கு போனு மேல போனு. லைன்மேன் எல்லாம் ஒரு காதுகுத்துக்குப் போயிட்டானுங்க. மச்சான் டிவிஎஸ்ஸுல ஏணியைக் கட்டிக்கிட்டு அவரே கிளம்பி வந்திருக்காரு.

ஏணி போட்டு ஏறி, தொங்குற வயரைப் பிடிச்சு, வாயில வச்சுக் கடிச்சிருக்காரு தம்பி.

நான் ஓடி வரும்போது கீழ கெடந்தாரு. ஏணி அவர் மேல கெடந்துச்சு. பல்லுக்கு நடுவுல அந்தக் கறுப்பு வயரு அப்பிடியே இருந்துச்சு. உதடு... வேணாம், நீ சாப்பிட்டு வந்திருப்ப. எனக்கு முன்னாலயே அக்கா அங்க நின்னுச்சு. சோறு ஆறுது வாங்கன்னு கூப்பிட வந்ததாம் பின்னாலயே. அழுகல. பம்புசெட்டுப் பக்கம் இருந்துதான் நடந்து வந்துச்சு. நான் பம்புசெட்டுக்கு ஓடிப் பாத்தேன். சுவிட்சு அணைஞ்சிருந்துச்சு. செவப்பு வயரும் இல்ல, பிளக்கும் இல்ல. சுருளி ஆளுகதான் எடுத்துட்டானுங்கன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவங்கதான் வயரை மாத்தி வச்சு மச்சானைக் கொன்னுட்டானுங்க. பின்ன? நான் வச்சது சுருளிக்கு. அவனுக்கு வச்சது மச்சானை எப்பிடிக் கொல்லும்?

போலீஸ் வந்து கேட்டாங்க. ஈரத்துல எங்கிட்டு இருந்தோ கரண்டு ஏறிருச்சு, யார் மேலயும் சந்தேகம் இல்லேன்னு அக்காதான் எழுதிக் குடுத்துச்சு. சுருளி மேல சந்தேகம்னு எழுதுக்கான்னு நான் கத்துறேன், அது என் பக்கம் திரும்பவே இல்ல. பிள்ளை அபிநயாவுக்கு அப்ப ரெண்டு வயசு. என் தோள்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

மறுநா எடுக்குற நேரம். பந்தல் நெறைய ஆளு. சுருளி வர்றான், கையில மாலையோட. வரலாமா? நீயே சொல்லு, வரலாமா? எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி, கண்ணு இருட்டிருச்சு. பாடை கட்டுறதுக்குப் பச்சை மூங்கில் வெட்டிக்கிட்டு இருந்த அருவாளை வாங்குனேன், ஒரே வீச்சு. கழுத்துக்குத்தான் வீசுனேன். மாலையைத் தூக்குனவன் கையில பட்டுருச்சு. வலது கையில மூணு விரலு மாலையோட சேந்து மச்சான் நெஞ்சு மேல விழுந்துச்சு. வெள்ளைத் துணி பூரா ரத்தம். சுருளி கத்தவே இல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டான். ரெண்டாவது வீச்சுக்கு ஓங்குறேன், நாலு பேரு என்னை அமுக்கிட்டாங்க. அப்ப எங்க அக்கா என்ன செஞ்சுச்சு தெரியுமா? புருசன் பொணத்துக்கிட்ட இருந்து எந்திரிச்சு வந்து, முந்தானையைக் கிழிச்சு சுருளி கையில கட்டுச்சு. என் கண்ணு முன்னால. எவனாவது தாங்குவானா?

ஏழு வருசம் போட்டாங்க. மதுரை ஜெயில்ல. ஒருத்தரும் பாக்க வரல. உள்ள இருக்கும்போதுதான் சேதி வருது, ரெண்டு டிவியும் ஒண்ணாயிருச்சு, சுருளிக்குப் பாதி, தனக்கொடிக்குப் பாதி, பேரு தனம் டிவின்னு. நான் ரத்தம் சிந்திக் காப்பாத்துன டிவியை எதிரி கையில தூக்கிக் குடுத்துருச்சு! அதுவும் பாதி! இதைத்தான் மச்சானும் பேசிட்டு வந்தாருன்னு எவனோ சொன்னான். மச்சான் விவரம் தெரியாம பேசுனது அது. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

வெளிய விட்ட அன்னைக்கு ஜெயில் வாசல்ல அக்கா நின்னுச்சு. அக்கா அக்கான்னு ஓடுனேன் தம்பி. ஒரு மஞ்சப் பையை எங் கையில குடுத்துட்டு, இனிமே ஊருப் பக்கம் வராதன்னுச்சு. போயிருச்சு. பையைத் தொறந்து பாத்தா ரெண்டு சட்டை. அதுக்கு அடியில இந்தச் செவப்பு வயரு, இருவது அடி, பிளக்கோட, அழகாச் சுத்தி நூல் போட்டுக் கட்டியிருக்கு. இதை எதுக்கு எனக்குக் குடுக்கணும்? அதுக்கிட்ட எப்பிடி வந்துச்சு? கப்பலூர்ல மில்லு வாச்மேன் வேலை பாத்துக்கிட்டு இத்தனை வருசமா யோசிக்கிறேன், ஒண்ணும் பிடிபடல. இந்தா, சேலைக்கு அடியில கெடக்கு பாரு. இன்னைக்குக் கேட்ரணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். மாலையைப் போட்டுட்டு, அக்கா, இது என்னான்னு கேக்கணும். சுருளி குறுக்க வந்தா, அது வேற. நான் சண்டைக்குப் போறவன் இல்ல.

இப்பச் சொல்லு. என்னமோ சொல்ல வந்தியே. அது என்ன பேப்பரு, அப்ப இருந்து பிடிச்சுக் கசக்கிக்கிட்டே இருக்க? ஓ, எப்பெப்ப என்னென்ன பிடிக்கணும்னு எழுதிக் குடுத்ததா? குடு பாப்போம். கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படி. எங்க, மாமன் மாலை எத்தனை மணிக்குன்னு மட்டும் பாரு. சுருளி பேரு போட்டிருக்கா?

இல்லையா? பின்ன யாரு பேரு? படிப்பா. ஏன் வாய் கொழறுது, சத்தமாப் படி.

'பத்தரைக்கு, மறைந்த தகப்பனார் தவமணி, மறைந்த தாய்மாமன் காசிமாயன், இருவர் படத்துக்கும் மணப்பெண் மாலை போட்டுக் கும்பிடுவது.'

மறுபடி படி.

எவன் எழுதுனான் இதை? சுருளியா? அவன் எழுதுனானா? இங்க காட்டு. ...இல்ல. இது அக்கா எழுத்துதான். கண்ணாடி இல்லாட்டியும் இது எனக்குத் தெரியும்.

எந்தப் படம்? மீசை வச்சதா? குஜராத்துல எடுத்ததா இருக்கும், கோடு போட்ட சட்டை. அதுதானா? நீ பாத்தியா? பாத்ததுனாலதான் நான் வந்து உக்காந்ததும் அப்பிடி வெறிச்சுப் பாத்தியாக்கும். பிள்ளைகிட்ட அப்பிடித்தான் சொல்லி வளத்திருக்கா? மாமன் செத்துப் போச்சுன்னு? எப்பிடிச் செத்தாராம்? கரண்டு அடிச்சுன்னா? ரெண்டு பேருமா, ஒரே நாள்லயா?

ரெண்டு படமும் ஒரே மேசையிலயா இருக்கு தம்பி? பக்கத்துல பக்கத்துலயா?

என்னை மச்சான் பக்கத்துல வச்சிருக்கு.

பம்புசெட்டுப் பக்கம் இருந்துதான் வந்துச்சு அக்கா. நாந்தான் பாத்தேனே. சுவிட்சை அணைச்சுட்டு, வயரைப் பிடுங்கி மடியில சொருகிக்கிட்டு, அப்பிடி ஒண்ணுமே தெரியாத மாதிரி நின்னுச்சு. எங்க மச்சான் வாயில வயரோட கெடக்காரு, அந்த நேரத்துல என்னைக் காப்பாத்தணும்னு அதுக்கு எப்பிடித் தோணுச்சு? போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைத் தூக்குல போட்டிருப்பாங்க. சொல்லல. நான் அது பக்கத்துலயே நின்னு, சுருளி பேரை எழுதுக்கான்னு கத்துறேன். நாந்தான் தம்பி சொருகுனேன். எங் கையாலதான் சொருகுனேன். லாரிதான் அறுத்துச்சு. மச்சான் சொன்னது சரிதான், லாரிதான்.

அழுகல, தூசி. சன்னலைச் சாத்து.

கரட்டு வளைவு வந்துருச்சு, அடுத்தது உன் ஸ்டாப்புதான். இந்தா, இந்தச் சேலையைப் பிடி. மாலையையும் எடுத்துக்க. சீர்ச் சாமான் வரிசையில ஒரு ஓரமா வச்சிரு. யாரு குடுத்தான்னு கேட்டா, பஸ்ல வந்த ஒரு ஆளுன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. அருவாளை நான் வச்சுக்கிறேன். வயரும் எங்கிட்டயே இருக்கட்டும்.

படத்துக்குப் பிள்ளை மாலை போடும்போது கேமராவைக் கொஞ்ச நேரம் ஆட்டாம வை, என்ன? நான் செல்லுல பாப்பேன்.

எறங்கு, எறங்கு, நின்னுருச்சு. நான் எறங்கல. கண்டக்டரே! இங்க வாங்க. மேலக்கரட்டுக்கு எடுத்தேன், எறங்கல. தேனிக்கு ஒண்ணு குடுங்க.